மாந்தை: கோயிலைச் சுற்றி ஒரு பட்டினம்

மாசி மாதம் பிரான்சிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்திருந்தது. மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது. செட்டிகுளத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு தன் போனில் படங்கள் காட்டினான். பள்ளிக்கூடத்தால் கார்கசோன் என்ற ஊருக்குக் கூட்டிப் போனார்களாம். மேட்டில் ஒரு பழைய மதில்நகர். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுற்று மதில், 52 கோபுரங்கள், கூம்பு கூம்பாகக் கூரை. காலையில் கோட்டை பார்த்துவிட்டு மத்தியானம் கடற்கரைக்குப் போனார்களாம். "பெரியம்மா, இங்கயும் இப்பிடி ஒண்டு இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு. நாளைக்குக் காட்டுறன்" என்று சொன்னேன்.

மன்னார்க் கோட்டையைத்தான் சொல்கிறேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். வாகனம் பிடித்துத் தந்தவரும் அப்படித்தான் நினைத்தார். மாந்தை என்று சொன்னதும், "அங்க கோயிலைத் தவிர ஒண்டுமில்லையே அக்கா" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முப்பது வருசமாக நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில் சிவராத்திரிக்கு அம்மா எங்களைத் திருக்கேதீஸ்வரம் கூட்டிப் போவார். பாலாவியில் குடம் நிறையத் தண்ணீர் மொண்டு, தலையில் வைத்து, நடந்து போய் லிங்கத்துக்கு ஊற்றுவோம். எனக்குத் தந்த சின்னச் செம்பு போய்ச் சேரும்போது அரைவாசியாகிவிடும். தொண்ணூறோடு அது நின்றது. மறுபடி அந்தப் பாதையில் கால் வைத்தபோது நான் பெரிய பிள்ளையாகியிருந்தேன். இத்தனை தடவை போய்வந்தும், ஒரு பட்டினத்தின் அகழியையும் அரணையும் தாண்டித்தான் கோயிலுக்குள் போகிறேன் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மாந்தை, மாதோட்டம், பாளி நூல்களில் மகாதித்த. எல்லாம் ஒரே துறைமுகம்தான். குதிரை லாடம் போல வளைந்த ஒரு மண்மேடு, அதைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக இரண்டு அகழிகள். கோயில் அதற்கு நடுவில் நிற்கிறது. கிறிஸ்துவுக்கு முந்தின காலத்திலேயே ஆட்கள் குடியிருந்து, ஆயிரம் வருசத்துக்கு மேல் வியாபாரம் நடந்த இடம். அது ஏன் இங்கே வந்தது என்று யோசித்தால் எங்கள் கடலின் குணம் விளங்கும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் கிடக்கிற மணல் திட்டுகளைப் பெரிய மரக்கலங்கள் தாண்ட முடியாது. மேற்கிலிருந்து வந்த கப்பல் சாமானை இறக்க வேண்டும், கிழக்கிலிருந்து வந்ததும் இறக்க வேண்டும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் சந்தை வந்தது. பின்னால் அருவி ஆறு. அந்த ஆற்றோரமாகவே அநுராதபுரம் வரை போகலாம். இப்படி ஒரு இடத்தில் பட்டினம் எழும்பாமல் வேறு எங்கே எழும்பும்?

சரி, அன்றைய கதைக்கு வருகிறேன். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். வாகனத்தில் தலைசுற்றாமல் இருக்க ஆளுக்கொரு கராம்பு வாயில் போடக் கொடுப்பது எங்கள் அம்மாவின் பழக்கம், இப்போது அது என் பழக்கம். மடு வீதி, முருங்கன், உயிலங்குளம் என்று தாண்டித் திருக்கேதீஸ்வரம் சந்தியில் திரும்பும்போது வெயில் ஏறவில்லை. முதலில் கும்பிட்டோம். பிறகு எல்லோரையும் செருப்பைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் மேட்டுப் பக்கம் வரச் சொன்னேன். உடை மரம், பனை, நாயுருவி, நிலமெல்லாம் ஆட்டுப் புழுக்கை. இதுதான் கோட்டை என்றால் பிரான்சில் வளர்ந்த பிள்ளை எப்படி நம்புவான்? முகத்தில் ஏமாற்றம் நன்றாகத் தெரிந்தது.

அந்த நேரம் ஆடு மேய்த்துக்கொண்டு நின்ற ஒரு ஐயா எங்கள் பக்கம் வந்தார். "மழை விட்ட கையோட வந்திருந்தா மணி பார்த்திருக்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் அரித்த ஒரு சின்னக் கானுக்குள் தடியால் காட்டினார். நாங்கள் குனிந்து தேடினோம். ஓடுகள் நிறையக் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் பெறாமகன்தான் கண்டுபிடித்தான். மிளகளவு ஒரு மணி. ஊசி போகிற அளவுக்குத் துளை. எச்சில் தொட்டுத் துடைத்து வெயிலுக்கு நேரே பிடித்தால், சாயம் கூடின வெறும் தேத்தண்ணி போல ஒரு சிவப்பு. இத்தனை சின்னக் கல்லில் யாரோ இருந்து துளை போட்டிருக்கிறார்கள். பிள்ளை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். அழாக்குறையாகத்தான் வைத்தான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மண்ணில் இருக்கிற இடத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மணி எதையாவது சொல்லும். பிரான்சில் ஒரு லாச்சிக்குள் போய்க் கிடந்தால் அது வெறும் மணி.

அப்புறம்தான் கராம்புக் கதையைச் சொன்னேன். 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் என்பவரின் குழு இங்கே வருசக்கணக்கில் அகழ்ந்தது. சீனத்துப் பீங்கான், பாரசீகப் பக்கத்து நீலப்பச்சை மெருகிட்ட சாடித் துண்டுகள் எல்லாம் வந்தன. 1984இல் போர்ச் சூழலால் வேலை நின்றது. போர் முடிந்த பிறகு 2009, 2010இல் மறுபடி தோண்டினார்கள். இந்த முறை மண்ணை அலசி, கருகிக் கிடந்த தானியங்களையும் தேடி எடுத்தார்கள். முடிவுகள் 2018இல் வெளிவந்தன. பெரும்பாலும் நெல். கூடவே கோதுமை, முந்திரிகை விதை, எட்டு மிளகு, ஒரேயொரு கராம்பு. அந்தக் கராம்பின் காலம் கி.பி. 900க்கும் 1100க்கும் இடையில். அந்தக் காலத்தில் கராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் கிழக்கு மூலையில் மலுக்குத் தீவுகளில் மட்டும். அங்கிருந்து கடல் கடந்து வந்து, எங்கள் மாந்தையில் யாரோ ஒருவர் வீட்டு நெருப்பில் விழுந்து கருகி, ஆயிரம் வருசம் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது.

பெறாமகன் தன் கன்னத்தில் அடக்கியிருந்த கராம்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அதற்குப் பிறகு அவனுக்கு மதில் தேவைப்படவில்லை. அகழி எங்கே ஓடுகிறது, கப்பல் எங்கே நின்றிருக்கும் என்று என்னை இழுத்துக்கொண்டு திரிந்தான். பள்ளமாகப் புல் நின்ற ஒரு இடத்தில் நின்று, "இது உள் அகழியா, வெளி அகழியா?" என்று கேட்டான். கார்கசோனிலும் இரண்டு சுற்று என்று அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

அந்தக் கார்கசோனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைக்கு உலகம் வந்து படம் எடுக்கிற அந்த மதிலை 1849இல் இடித்துத் தள்ள அவர்களுடைய அரசே முடிவெடுத்தது. ஊர்ச்சனம்தான் மறித்தது. 1853 தொடக்கம் திருத்தி எழுப்பினார்கள். உலக மரபுச் சொத்துப் பட்டியலில் சேர்ந்தது 1997இல். ஆக, அங்கேயும் அந்தக் கல்லுக்கு மதிப்பு முதலில் வந்தது ஊர்ச்சனத்தின் மனதில். எங்கள் மேட்டுக்கும் அந்த மனசுதான் வேண்டும். மண் அரணுக்கு அழகு குறைவு, படத்தில் வடிவாக வராது, அது உண்மை. ஆனால் அதன் மேல் நடந்து பார்த்தால் ஒரு நகரத்தின் அளவு காலுக்குத் தெரியும்.

எங்கள் சனத்துக்கு ஒரு பயம் இருக்கிறது, அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு விருப்பமில்லை. தொல்லியல் என்று யாராவது சொன்னாலே, காணி போய்விடும், கோயில் போய்விடும் என்று வன்னியில் நெஞ்சு பதறும். பதறுவதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தால் நாங்கள் எங்கள் மண்ணைப் படிக்காமல் விடுகிறோம். படிக்காத மண்ணைப் பற்றி யார் வேண்டுமானாலும் கதை சொல்லலாம். சம்பந்தரும் சுந்தரரும் பாடியது இந்தப் பட்டினத்தைத்தான். சுந்தரர் 'பாலாவியின் கரைமேல்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். இராசராசன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு இதை 'மாதோட்டமான இராசராசபுரம்' என்கிறது, தாழிகுமரன் என்ற அதிகாரி இங்கே ஒரு ஈசுவரம் கட்டியதைச் சொல்கிறது. மகாவம்சமும் இதே துறையைச் சொல்கிறது. பாரசீகரும் அரபிகளும் சீனத்துச் சரக்கும் வந்துபோன இடம். எல்லோரும் வந்து இறங்கிய துறைமுகத்தில் எங்கள் மூதாதையர் கல்லில் தமிழ் வெட்டி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை, மற்றவர்களும் இருந்தார்கள் என்று சொல்லவும் கூச்சமில்லை.

எட்டரைக்கெல்லாம் வெயில் சுட்டது. அங்கிருந்து கடல் பக்கம். வங்காலைப் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் தூரத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கோடு போல நின்றன. வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலிட்ட ஈரநிலம். இறங்கிக் கிட்டப் போகாதீர்கள், அவை கலைந்தால் திரும்ப இறங்க நெடுநேரம் பிடிக்கும். அப்படியே அரிப்பு. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி கண்டியில் பத்தொன்பது வருசம் சிறையிருந்துவிட்டு 1679இல் தப்பி வந்து சேர்ந்த ஒல்லாந்தர் கோட்டை இங்கேதான். சற்றுத் தள்ளி, கடல் விளிம்பில் அல்லிராணி கோட்டை. அல்லி என்ற ராணி இருந்த கோட்டை என்று ஒரு கதை. கதை எப்படியோ, நிற்கிற கட்டடம் பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் முத்துக்குளிப்பைப் பார்த்திருக்கக் கட்டிய மாளிகை. முத்துக்குளிப்புக்குத் தமிழில் சலாபம் என்று ஒரு பெயர் இருக்கிறது, பக்கத்து ஊர் சிலாபத்துறை. அங்கே நிற்கும்போது மனம் கனத்தது. கீழே மண் கரைந்து போயிருக்கிறது. செங்கல் சுவரின் ஒரு பாகம் காற்றில் தொங்குகிறது, இன்னொரு பாகம் கீழே கடற்கரையில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு சோளகத்துக்கும் கடல் ஒரு வாய் எடுக்கிறது என்று அங்கே நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணை சொன்னார். போகிறவர்கள் இந்த வருசமே போங்கள். விளிம்புக்குப் பிள்ளைகளை விட வேண்டாம்.

பின்னேரம் மன்னார். கோட்டை 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். திருக்கேதீஸ்வரத்தை இடித்த கற்கள் இந்தச் சுவருக்குள் இருக்கின்றன என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். காலையில் மாந்தையைப் பார்த்துவிட்டு வந்து அந்தச் சுவரில் கை வைத்தால் அந்தச் சொல்லின் பாரம் தெரியும். அதனால்தான் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன், மாந்தையை முதலில் பாருங்கள், கோட்டையைக் கடைசியில் பாருங்கள். பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையையும் இன்னொரு நாளைக்கு வையுங்கள். ஒரே நாளில் எல்லாம் ஓடிப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மேட்டில் நாங்கள் நடந்த வழியில் இது என்ன இடம் என்று சொல்லும் ஒரு பலகை எனக்குக் கண்ணில் படவில்லை. தமிழில் ஒரு பலகை, அதில் அகழிகளைக் காட்டும் ஒரு வரைபடம். அரணின் மேல் முள் வெட்டின ஒரு நடைபாதை. கோயிலுக்கு வருகிறவர்கள் ஒதுங்கிப் பார்த்துப் போக ஒரு சின்ன அறை, அதில் இந்த மண்ணில் எடுத்த நாலு மணி, நாலு ஓடு, கராம்பின் ஒரு படம். புதையல் என்று இரவில் தோண்டுகிறவர்களை ஊர் மறிக்க வேண்டும். வன்னிப் பள்ளிக்கூடங்கள் காலிக்கும் கண்டிக்கும் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகின்றன, நல்லது. அதற்கு முதல் ஒரு அரைநாள் இங்கே வரட்டும். 1872இல் ஆறுமுக நாவலர் இந்தக் கோயிலை மீட்க வேண்டும் என்று குரல் கொடுத்தபோது இங்கே காடுதான் இருந்தது. காட்டுக்குள்ளே கோயிலைக் கண்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். எங்களால் மேட்டுக்குள்ளே ஒரு பட்டினத்தைக் காண முடியும்.

பங்குனி வெயில் ஏற முதல், வருகிற சனிக்கிழமை எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன். வாகனத்தில் இன்னும் மூன்று இடம் இருக்கிறது. ஐந்து மணிக்கு வெளிக்கிடுவோம். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், முள்ளுக்குத் தாங்கும் சப்பாத்து கொண்டு வாருங்கள். கராம்பு நான் கொண்டு வருகிறேன்.