கள்ளனுக்கு வாதாடுகிறவர்தான் சட்டம் படிப்பிக்க வேண்டும்

"கள்ளனுக்கும் கஞ்சாக்காரனுக்கும் வாதாடுற ஆள் பிள்ளைகளுக்கு என்ன சட்டம் படிப்பிக்கப் போறார்?" எங்கள் வகுப்பைப் பற்றி திருகோணமலையில் ஒருவர் இப்படிக் கேட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் சேர் காலையில் நீதவான் நீதிமன்றத்தில் சந்தேகநபர்களுக்காக நிற்பார், பின்னேரம் எங்களுக்கு அரசியலமைப்பும் குற்றவியல் நடபடிக்கையும் எடுப்பார். புத்தகத்தைத் திறக்க முன்னமே பெயர்களை மையால் அடித்த ஒரு பழைய பி அறிக்கையை, அதாவது பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கையை, கையில் தந்து, "குற்றத்தைப் பார்க்காதேங்கோ, நேரத்தைப் பாருங்கோ" என்பார். பிடியாணை இல்லாமல் பிடித்தவரைப் பயண நேரம் தவிர்த்து 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுவர வேண்டும், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிக்கைமுறைச் சட்டம், பிரிவு 37. தாளில் கணக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தாயைக் கேட்டால், முதல் நாள் பின்னேரமே வீட்டு வாசலில் வைத்து ஏற்றிக்கொண்டு போனவை என்பார். அப்ப நடுவில் இருந்த இரவு எங்கே? இதைக் கேட்கும் பழக்கம் மன்றில் நின்றவருக்குத்தான் வரும்.

வாக்குமூலமும் அப்படித்தான். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை ஒருவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சிக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்து, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேலோ பதிவு செய்தால் செல்லும் என்றது, வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்கும் பாரத்தையும் குற்றம் சாட்டப்பட்டவரின் தலையிலேயே போட்டது. தமிழ் மட்டுமே தெரிந்த நல்லரத்தினம் சிங்கராசாவுக்கு 1995இல் 50 வருடத் தண்டனை விழுந்தது, சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதலை வைத்து. மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. அந்தப் பாரத்தை அவர்மேல் போட்டது பிழை என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொல்லியும், 2006இல் உயர் நீதிமன்றம் அவருடைய மனுவை ஏற்கவில்லை.

சரி, எங்கள் ஊர்க்காரருக்கு உள்ள கோபமும் எனக்கு விளங்குகிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்களைக் கொன்ற வழக்கில் 2019இல் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் விடுதலையானார்கள். அதைப் பார்த்த ஊருக்கு "குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி" என்ற அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை கசக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே பிழைத்தது அந்த உறுப்புரை இல்லை. சாட்சிகள் பயத்தில் நாட்டை விட்டே போனார்கள், அவர்களைக் காக்க வேண்டியவர்கள் காக்கவில்லை. அதற்காக அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டால் முதலில் அகப்படப்போவது எங்கள் பிள்ளைகள்தான்.

எனக்குள்ள ஆதங்கம் வேறு. இந்தப் பாடம் சட்டம் படிக்கிற எங்களோடு நின்றுவிடுகிறது. அடிப்படை உரிமை மனு கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும், அதுவும் உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அலுவலகம் இங்கேயே இருக்கிறது! இது தெரியாமல் மகன் எப்படியும் வருவான் என்று காத்திருந்து மாதத்தைக் கடத்திவிட்ட தாய்மார் எத்தனை பேர்.

மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் ஓட்டோக்காரருக்கும் மீன்பிடிச் சங்கத்துக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும், சொல்ல வேண்டியவர் சேர் மாதிரி ஆட்கள்தான். அவரைக் கேட்டேன், சனிக்கிழமை என்றால் வருவாராம். மண்டபம் தரக்கூடியவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.