மண்ணைக் கேட்டால் கதை சொல்கிறார்கள்

மண்பானை வாங்கும்போது விரலை மடக்கிச் சுண்டிப் பார்க்கிறோம். கணீரென்றால் எடுத்துக்கொள்கிறோம், சொத்தென்றால் அடுத்த பானைக்குக் கை போகிறது. விற்பவரும் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. அந்தப் பானையைவிடப் பல மடங்கு விலை கொடுத்துச் சீனத் தேநீர்க் கெண்டியை இணையத்தில் வாங்குகிறவனுக்கு இந்த எளிய உரிமை கிடையாது. கைதான் எட்டவில்லை, கேட்ட கேள்விக்காவது நேரான பதில் வருமா என்றால் அதுவும் இல்லை. மூன்று ஆண்டுகளில் ஐந்து கெண்டிகள் வாங்கி, அவற்றில் நான்கில் ஏமாந்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

கடைசியாக வந்ததைச் சொல்கிறேன். ‘ஜூனி மண், முழுக்கக் கைவேலை, பட்டம் பெற்ற கலைஞர் செய்தது, 120 மில்லி’ என்று விளம்பரத்தில் இருந்தது. ஜூனி என்பது சுட்டால் சிவக்கும் ஒரு வகைச் சீனக் களிமண். பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாகச் சமையலறைத் தராசில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நிறுத்தேன். தண்ணீர் மட்டும் 168 கிராம் இருந்தது. சின்னக் கெண்டியில் இது அற்ப வேறுபாடு அன்று, இலையின் அளவும் ஊறும் நேரமும் கோப்பைகளின் எண்ணிக்கையும் மாறிப்போகும். வெந்நீர் ஊற்றியபோது தேயிலை மணத்துக்கு இடமே இல்லாமல் மெழுகு நாற்றம் எழுந்தது. கவிழ்த்த நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. மூடியின் ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் டக்கென்று எழும்புகிறது. ஊற்றி நிறுத்தினால் நீர் மூக்கின் அடிவழியாக வயிறுவரை வழிந்து மேசைத் துணியை நனைக்கிறது. நல்ல கெண்டியில் மூடியின் துளையை விரலால் அடைத்தால் மூக்கிலிருந்து வரும் நீர் நின்றுவிட வேண்டும். இதில் துளையை அடைத்தாலும் திறந்தாலும் ஒன்றுதான்.

இத்தனை பதற்றம் ஒரு மண் பாத்திரத்துக்கா என்று கேட்பவர்கள் உண்டு. ஜியாங்சு மாகாணத்து யீசிங்கில், குறிப்பாகத் திங்ஷு என்ற ஊரில், மிங் அரச மரபின் காலத்திலிருந்து இந்தக் கெண்டிகளைச் செய்து வருகிறார்கள். ‘ஊதா மணல்’ என்று பொருள்படும் ஸிஷா மண்ணின் பெருமையே அதற்கு மெருகுப்பூச்சு தேவையில்லை என்பதுதான். பூச்சில்லாமல் சுட்டாலும் அது நீரைக் கசியவிடாது. ஆனாலும் நுண்துளைகள் இருப்பதால் தேநீரின் வாசனையை மெல்ல மெல்ல உள்வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஒரு கெண்டிக்கு ஒரு வகைத் தேயிலை என்று வைத்துக்கொள்கிறார்கள். மண் பொய்யானால் மீதி எல்லாமே பொய். 2010இல் சீன அரசுத் தொலைக்காட்சியே யீசிங்குக்குப் போய், சாதாரண மண்ணில் நிறமூட்டும் வேதிப்பொருள்களைக் கலந்து ஸிஷா என்று விற்பதைப் படம் பிடித்துக் காட்டியது. அதன் பிறகும் விற்பவர்கள் எவரிடம் கேட்டாலும் ‘ஹுவாங்லோங் மலை மண்’ என்றுதான் சொல்கிறார்கள். ஸிஷா மண்ணுக்குப் பேர்போன யீசிங் மலை அது. அங்கே தோண்டுவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. எல்லாரிடமும் பழைய இருப்பு இருக்கிறதாம். அப்படியானால் அந்த மலை இன்னும் இரண்டு மடங்கு உயரமாக இருந்திருக்க வேண்டும்.

ஜூனியின் கதை இன்னும் கொடுமை. அது யீசிங் மண் வகைகளிலேயே மிகவும் அடம்பிடிப்பது. காய்ந்து, சுட்டு முடிவதற்குள் 20 விழுக்காடுகூடச் சுருங்கக்கூடியது. அந்தச் சுருக்கத்தில் விரிசல் விட்டும் கோணிக்கொண்டும் சூளையிலேயே வீணாய்ப் போவது ஏராளம். அதனால்தான் நல்ல ஜூனிக் கெண்டிகள் பெரும்பாலும் சிறியவையாக இருக்கின்றன. ஆனால் விற்பனைப் பக்கங்களில் 400 மில்லி கொள்ளும் ஜூனி, சுருக்கக் கோடு ஒன்றுகூட இல்லாமல், தக்காளிச் சிவப்பில், ஒரே அச்சாக நாற்பது எண்ணம் கிடைக்கிறது. வாங்குகிறவன் அரைகுறையாகவாவது படித்துவிட்டுத்தான் வந்திருப்பான் என்ற அச்சம்கூட அவர்களுக்கு இல்லை.

‘முழுக்கக் கைவேலை’ என்று போட்டிருந்த இன்னொரு கடையின் காணொளியில் ஒருவர் சுழலும் சக்கரத்தில் மண்ணை வைத்து வனைந்துகொண்டிருந்தார், பின்னணியில் புல்லாங்குழல் வேறு. யீசிங் மரபில் கெண்டியைச் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணை மரச் சுத்தியால் தட்டித் தகடாக்கி, பட்டையாக நறுக்கி, வளைத்து ஒட்டி, வெளியிலிருந்து மரத்தட்டையால் தட்டித் தட்டியே வயிற்றை வளைத்தெடுப்பார்கள். தகட்டை அச்சுக்குள் அழுத்தி உருவாக்கும் அரைக் கைவேலையும் உண்டு. அதை நான் குறையாகவே சொல்ல மாட்டேன். மண் நல்லதாகவும் மூடி பொருத்தமாகவும் இருந்தால் அன்றாடப் பயன்பாட்டுக்கு அது போதும். அச்சில் செய்ததை அச்சில் செய்தது என்று சொல்லி, அதற்கேற்ற விலையை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் மன்றாட்டு. கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி வார்த்துவிட்டு, அதற்குக் கைவேலைக்கான விலையைக் கேட்டால் வயிறு எரியாதா?

அடுத்தது சான்றிதழ். கலைஞர் கெண்டியைக் கையில் ஏந்திச் சிரிக்கும் படமும் சிவப்பு முத்திரையும் உள்ள தடித்த அட்டை ஒன்று பெட்டியில் வருகிறது. அட்டையை எவரும் அச்சடிக்கலாம், முத்திரையை எவரும் வெட்டலாம். கூலிக்கு ஆள் வைத்துச் செய்யச்சொல்லி, பட்டம் பெற்றவர் தன் முத்திரையை மட்டும் குத்தித் தரும் வழக்கமும் அந்தத் தொழிலில் இருக்கிறது. யீசிங்கின் புகழ்பெற்ற கெண்டிக் கலைஞர் கூ ஜிங்ஜோ 1948இல் செய்த கெண்டி ஒன்று 2010இல் பெய்ஜிங் ஏலத்தில் 1 கோடியே 23 லட்சம் யுவானுக்கு விலைபோனது. பெயரில் அவ்வளவு பணம் இருக்கிறது என்று தெரிந்தபின் பெயரைத்தானே விற்பார்கள்? பெயர் இல்லாவிட்டால் பழமை. ‘சீனம், யீசிங்’ என்று சீனத்தில் நான்கே எழுத்தில் முத்திரை குத்திய, எழுபதுகளின் அரசுத் தொழிற்சாலைக் கெண்டிகள் இன்றைக்கும் தீராமல் வந்துகொண்டே இருக்கின்றன. அரை நூற்றாண்டுத் தூசி மூக்கின் வெளிப்புறத்தில் அப்பியிருக்கிறது, உட்புறமோ பளிச்சென்று இருக்கிறது.

நேர்மையான விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஐந்தில் நான் ஏமாறாத அந்த ஒரு கெண்டி அப்படி ஒருவரிடம் வாங்கியதுதான். ‘இது அரைக் கைவேலை, கைப்பிடியருகில் ஒரு சிறு இரும்புப் புள்ளி உண்டு, படத்தில் வட்டமிட்டிருக்கிறேன்’ என்று அவரே எழுதியிருந்தார். அந்தக் கறுப்புப் புள்ளியை நாள்தோறும் பார்க்கிறேன். ஒரு நாளும் அது என்னை உறுத்தியதில்லை.

168 மில்லிக்காரரிடம் தராசுப் படத்துடன் முறையிட்டேன். ‘அன்புள்ள நண்பரே, கைவேலையில் சிறு வேறுபாடு இயல்பு’ என்று பதில் வந்தது. மெழுகு நாற்றத்தைச் சொன்னேன். ‘நல்ல மண்ணின் இயற்கை மணம் அது, மூன்று முறை கொதிக்கவைத்தால் சரியாகிவிடும்’ என்றார்கள். ஐந்து முறை கொதிக்கவைத்தபின், எந்த மண், அச்சா கையா, செய்தது யார் என்ற மூன்று கேள்விகளை மட்டும் வரிசையாக எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. திறந்து பார்த்தால், அடுத்த கெண்டிக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடிச் சீட்டு.