எம்.எஸ்சி. இயற்பியல்: எழுதுகிறோம், எழுதுகிறோம், எப்போது கணக்குப் போடப்போகிறோம்?

மே, ஜூன் மாதங்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "மேடம், மகள் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டாள். எம்.எஸ்சி. சேர்க்கட்டுமா, பி.எட். சேர்க்கட்டுமா?"

கேட்பவர்களின் குழப்பம் நியாயமானதுதான். 2015-இல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகிவிட்டது. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் எம்.எஸ்சி., பி.எட். இரண்டும் வேண்டும். ஆக, இளங்கலை முடித்த பெண்ணுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள். முன்பெல்லாம் எம்.எஸ்சி. முடித்ததும் எம்.ஃபில். சேர்ந்து, அதைக் காட்டித் தனியார் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகச் சேர்ந்துவிடுவார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிமுறைகளில் எம்.ஃபில். பட்டத்தையே நீக்கிவிட்டது. கல்லூரி ஆசிரியர் பணிக்கு இனி நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி வேண்டும், இல்லையென்றால் பிஎச்.டி. வேண்டும்.

நான் எப்போதும் "எம்.எஸ்சி. சேருங்கள்" என்றுதான் சொல்கிறேன். ஆனால் கூடவே, "கல்லூரி சொல்லித்தருவதை மட்டும் படித்தால் போதாது என்று மகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்" என்கிறேன். கல்லூரி ஆசிரியையே இப்படிச் சொல்கிறாரே என்று மறுமுனையில் சற்று அமைதி நிலவும். தொலைபேசியில் விளக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் வினாத்தாளைப் பாருங்கள். தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 25. மூன்று மணி நேரத்தில் 10 இரண்டு மதிப்பெண் வினாக்கள், 5 ஐந்து மதிப்பெண் வினாக்கள், 3 பத்து மதிப்பெண் வினாக்கள் எழுத வேண்டும். பத்து மதிப்பெண் பகுதியில் ஐந்து யூனிட்டுக்கும் ஒவ்வொன்றாக ஐந்து கேட்டு, மூன்றை எழுதச் சொல்வார்கள். எந்த இரண்டு யூனிட்டைச் சாய்ஸில் விடுவது என்பதை மாணவர்கள் செமஸ்டர் தொடங்கிய மூன்றாவது வாரத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். குவாண்டம் இயக்கவியலில் சிதறல் கோட்பாட்டை (துகள்கள் மோதித் தெறிப்பதைப் பற்றியது) சாய்ஸில் விட்டுவிட்டு முதல் வகுப்பில் தேறியவர்கள் எத்தனையோ பேர். அணுக்கருவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி சிதறல் சோதனைகளிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எழுதுகிற அந்த மூன்றும் டெரிவேஷன்கள், அதாவது ஒரு சூத்திரத்தைப் படிப்படியாகத் தருவித்துக் காட்டுவது. ஹைட்ரஜன் அணுவின் ஆரச் சமன்பாடு, டபிள்யூ.கே.பி. முறை, ஃபெர்மியின் பொன்விதி. ஒவ்வொன்றும் நான்கு பக்கம். படம், சமன்பாடு, "ஆகவே", "இதைப் பிரதியிட", கடைசியில் பெட்டி போட்டு விடை. டெரிவேஷன் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு முடிவு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதைப் பயன்படுத்துவது ஆபத்து. ஆனால் எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரிந்து, எங்கே பயன்படும் என்று தெரியாவிட்டால், அது இயற்பியல் படித்ததாகுமா?

ஓர் எடுத்துக்காட்டு. பல பாடநூல்களில் இருக்கும் பழைய கணக்குதான். எலக்ட்ரான் வெளியேறவே முடியாத ஒரு பெட்டி, அதாவது நாம் 'முடிவிலா ஆழக் கிணறு' என்று படிப்பது. அதற்குள் மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் ஓர் எலக்ட்ரான். பெட்டியின் ஒரு சுவரைத் திடீரென நகர்த்தி அகலத்தை இரு மடங்காக்குகிறோம். உடனே ஆற்றலை அளந்தால், புதிய பெட்டியின் மிகக் குறைந்த ஆற்றல் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு?

இந்தப் பெட்டியின் ஆற்றல் மட்டங்களையும் அலைச்சார்புகளையும் (எலக்ட்ரான் எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைத் தரும் கணிதச் சார்புகள்) தருவிக்கச் சொன்னால் என் வகுப்பில் எல்லோருமே முழு மதிப்பெண் வாங்குவார்கள். இந்தக் கணக்கைக் கொடுத்தால் பேனாக்கள் நின்றுவிடும். "எந்த ஃபார்முலா மேடம்?" என்பார்கள். ஃபார்முலா ஒன்றும் புதிதாக இல்லை. கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: சுவர் நகர்ந்த மறுகணம் அலைச்சார்பு என்னவாக இருக்கும்? மாற அதற்கு நேரமே இல்லை, பழையபடிதான் இருக்கும். இதைப் பிடித்துவிட்டால் மீதி இரண்டு சைன் சார்புகளைப் பெருக்கித் தொகையிடும் வேலை. விடை சுமார் 36 சதவீதம். இன்னும் சுவாரசியம் என்னவென்றால், புதிய பெட்டியின் இரண்டாவது மட்டம் கிடைக்கத்தான் அதிக வாய்ப்பு, சரியாக 50 சதவீதம். அந்த மட்டத்தின் ஆற்றல் பழைய பெட்டியில் எலக்ட்ரானுக்கு இருந்த அதே ஆற்றல்.

ஒரு முறை இதைப் போட்டு முடித்ததும், பின்வரிசையில் பேசாமலேயே இருக்கும் ஒரு மாணவி, "சுவரை மெதுவாக நகர்த்தியிருந்தால்?" என்று கேட்டாள். அந்த மணி நேரம் அதிலேயே போயிற்று. மிக மெதுவாக நகர்த்தினால் எலக்ட்ரான் குறைந்த மட்டத்திலேயே தங்கிவிடும், ஆற்றல் கால் பங்காகும். மீதி முக்கால் பங்கு எங்கே போனது? சுவரைத் தள்ளுவதில் செலவானது, பிஸ்டனைத் தள்ளி விரியும் வாயு குளிர்வதைப் போலவே. இளங்கலையில் படித்த வெப்ப இயக்கவியல் குவாண்டம் வகுப்புக்குள் தானாக நடந்து வந்தது. மெதுவான மாற்றத்துக்கான தோராய முறை எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். அந்த டெரிவேஷனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்லை.

இனி அறிவியல் பாடங்களுக்கான நெட் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டுக்கு வருவோம். இயற்பியலுக்கான அதன் பாடத்திட்டம் கணித முறைகளில் தொடங்கி, மரபு இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம், புள்ளியியல் இயற்பியல், மின்னணுவியல், அணுவும் மூலக்கூறும், திண்மப் பொருள், அணுக்கரு என்று போகிறது. நம் எம்.எஸ்சி. தாள்களின் பெயர்களை வரிசையாகப் படித்தாலும் ஏறக்குறைய இதுதான். அந்தத் தேர்வில் 75 வினாக்கள் இருக்கும், அதிகபட்சம் 55-க்கு விடையளிக்கலாம், மொத்தம் 200 மதிப்பெண். பொதுத்திறன் பகுதியை விட்டுவிட்டால் ஏறத்தாழ எல்லாமே கணக்குகள். நான்கு பக்க டெரிவேஷனுக்கு அங்கே இடமே கிடையாது. தேறி ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய். கிராமத்திலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அதே பாடங்களை இரண்டு ஆண்டுகள் படித்து, எண்பது சதவீத மதிப்பெண்ணும் வாங்கிய பெண், பிறகு ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டி ஓராண்டு அதே பாடங்களை மறுபடி படிக்கிறாள். அப்படியானால் நாங்கள் இரண்டு ஆண்டுகள் என்ன செய்தோம்? பயிற்சி மையத்தில் புது இயற்பியல் எதுவும் இல்லை, கணக்குப் போட வைக்கிறார்கள், அவ்வளவுதான். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையைக் கடைவீதி மாடியில் செய்கிறார்கள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிந்திக்கப் பொறுமையில்லை" என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கிறேன். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். முதுகலைத் தேர்வை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். புரிந்ததைச் சொந்த வாக்கியத்தில் எழுதப் பயம், இலக்கணப் பிழை வந்துவிடுமோ என்று. டெரிவேஷனில் அந்தப் பயமில்லை, இரண்டு சமன்பாடுகளுக்கு நடுவில் ஒரே ஒரு சொல் போதும். எனவே மனப்பாடம் அவர்களுக்குச் சோம்பல் இல்லை, பாதுகாப்பு. அதே மாணவர்களிடம் கரும்பலகைக்கு முன்னால் தமிழில் பேசிப் பாருங்கள், சுவரை மெதுவாக நகர்த்தினால் என்ன ஆகும் என்று அவர்களே கேட்பார்கள். கணக்கும் டெரிவேஷனைப் போலவே ஆங்கிலம் அதிகம் கேட்காதது. இதை நம் பாடத்திட்டக் குழுக்கள் எப்படிக் கவனிக்காமல் விட்டன என்பது எனக்குப் புரியாத ஒன்று.

ஆய்வகத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். வழக்கமான சோதனைகள் இவை: கார்னு வரிகள், ஹால் விளைவு, நான்முனை முறை, 8085 நுண்செயலி. 1976-இல் வந்த அந்த நுண்செயலியைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு, நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஒரு கணிப்பொறி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கையால் தொட்டுக் கற்க அது இன்றும் நல்ல கருவிதான். என் புகார் வேறு. மூத்த மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் இருக்கும் அளவீடுகளுக்குப் பக்கத்தில் நம் அளவீடுகள் வந்துவிட்டால் சோதனை முடிந்தது என்கிறோம். வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று தேட நேரம் தருவதில்லை.

சர் சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோதே, 1906-இல், செவ்வகத் துளையில் ஒளி வளைவதைப் பற்றிய அவரது கட்டுரை லண்டன் ஆய்விதழில் வெளியாகிவிட்டது. (அதற்கு மறு ஆண்டு அவரும் நிதித்துறைத் தேர்வில் தேறிக் கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியானார். வங்கித் தேர்வுக்குப் போகும் என் மாணவர்களைக் குறை சொல்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.) எல்லோரும் ராமனாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டால் அதை நின்று பார்க்க ஒரு பிற்பகலாவது கொடுங்கள் என்கிறேன்.

கணக்குகளை அதிகமாக்கினால் தேர்ச்சி விகிதம் விழும், ஏற்கெனவே இயற்பியலில் இடங்கள் நிரம்பவில்லை, உள்ளவர்களும் ஓடிவிடுவார்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். முதல் செமஸ்டரில் விழும்தான். முன்பின் போட்டுப் பழகாதவர்களைத் திடீரெனத் தேர்வில் கேட்டால் விழத்தான் செய்யும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கணக்கு வகுப்பு வேண்டும் என்கிறேன். ஆசிரியர் எழுதிப்போட மாணவர் பார்த்து எழுதும் வகுப்பு இல்லை அது. மாணவர்கள் மூவர் மூவராக உட்கார்ந்து அடித்துத் திருத்திப் போட வேண்டும், ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு நடுவில் சுற்றிவர வேண்டும். (வாயை மூடிக்கொள்வதுதான் எங்களுக்கு மிகவும் கடினம்.) இடம் நிரம்பாததற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட வேண்டிய படிப்பில் யார் வந்து சேருவார்?

இந்த ஆண்டு சேரப்போகும் மாணவர்களுக்கு: பல்கலைக்கழகம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் விரிவுரைகள் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மரபு இயக்கவியல், குவாண்டம் இரண்டையும் அவரிடம் கேட்பதற்கு ஈடில்லை. ஆனால் கேட்பது பாதிதான். நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும் பாடநூல்களில் அத்தியாய முடிவில் இருக்கும் கணக்குகளைத் தினமும் ஒன்றாவது போடுங்கள். விடுதியில் உங்களோடு சேர்ந்து போட இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். விடைநூலை இணையத்திலிருந்து முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

வினாத்தாள் தயாரிக்கும் நண்பர்களுக்கு: பத்து மதிப்பெண் பகுதியில் கைவைத்தால் புகார் வரும் என்று தெரியும், அதைப் பாடத்திட்டக் குழு பார்த்துக்கொள்ளட்டும். ஐந்து மதிப்பெண் பகுதியில் "சிறுகுறிப்பு வரைக" என்று கேட்கும் இடத்தில், வகுப்பில் போடாத ஒரு கணக்கை, தேவையான சூத்திரத்தை மேலேயே கொடுத்துக் கேளுங்கள். அதற்குக் குழுவின் ஒப்புதல் எதுவும் வேண்டாம். நவம்பர் தேர்வுக்கே கேட்கலாம்.