ரெண்டு டர்போ போட்டால் பூஸ்ட் ரெண்டு மடங்கு ஆகாது

மேலே ஒருவர் "ட்வின் டர்போ என்றால் பூஸ்ட் ரெண்டு மடங்கு, டொயோட்டா சூப்ராவில் சிங்கிள் டர்போவுக்கு மாறுவது பின்னடைவு" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். ரெண்டுமே தப்பு. டர்போ என்பது இன்ஜின் புகையில் சுற்றி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி; அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 இன்ஜினில் ஒவ்வொரு டர்போவும் மூன்று சிலிண்டர் புகையில் சுற்றி, ஒரே இடத்துக்குத்தான் காற்றை அனுப்புகிறது. காற்றின் அளவு கூடும், அழுத்தம் கூட்டிக்கொண்டே போகாது. ஆளுக்கு 1 பார் (அழுத்த அளவு) தந்தாலும் இன்ஜினுக்குப் போவது 1 பார்தான்.

1993 சூப்ராவின் 2ஜேஇசட் இன்ஜின் வேறு ரகம். குறைந்த ஆர்பிஎம்மில் ஒரு டர்போ, சுமார் 4,000 ஆர்பிஎம்மில் அடுத்ததும் சேரும். அந்த மாற்றத்தை நடத்தும் வேக்யூம் ஹோஸ்கள் (சின்ன ரப்பர் குழாய்கள்) சூட்டில் இறுகி விரலால் வளைத்தாலே விரிசல் விடும், அப்புறம் ரெண்டாவது டர்போ ஒழுங்காக வராது. பெரிய பவர் தேடுபவர்கள் பெரிய சிங்கிளுக்குப் போவதற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம்.

சிங்கிளில் லேக், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதித்தபின் பூஸ்ட் வரத் தாமதம், உண்டு, மறுக்கவில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே செகண்ட் கியரில் ஊர்கிற வண்டிக்கு மிகப் பெரிய டர்போ வேண்டவே வேண்டாம், நடுத்தர சைஸில் ட்வின் ஸ்க்ரோல் (புகை ரெண்டு தனி வழியில் வரும்) சிங்கிள் பாருங்கள். எதை வாங்கினாலும் ஃப்யூயல் பம்ப், இன்ஜெக்டர், ட்யூனிங் செலவையும் முதலிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.