சலித்துக்கொள்வதெல்லாம் எதிர்மறை ஆகாது

அதிகாலையில் எழுவது நேர்மறை மனத்தின் அடையாளம், சலித்துக்கொள்வது எதிர்மறை மனத்தின் அடையாளம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முதலாவதே சந்தேகம், எங்கள் தெருவில் பலரை எழுப்புவது குழாயில் தண்ணீர் வரும் நேரம்தான். இரண்டாவதை ஏற்கவே முடியவில்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் வெயிலைத் திட்டாதவர் யார்? திட்டிக்கொண்டேதான் கடையைத் திறக்கிறார்கள், மாலையில் கோட்டைப் பக்கம் காற்று வாங்க வருகிறார்கள்.

நேர்மறை, எதிர்மறை மனத்தைப் பிரித்தறிய உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் கவனித்தது வேறு: கெட்டது நடந்தால் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் காரணம். காட்பாடியில் ரயில் தாமதம் என்றதும், ‘என் ராசி, எதுவும் உருப்படாது’ என்பவர் ஒரு மணி நேரத் தாமதத்தை ஆயுள் முழுவதற்கும் நீட்டிவிடுகிறார். ‘இன்றைக்கு இந்த வண்டி தாமதம்’ என்பவர் பஸ்ஸை விசாரிக்கப் போய்விடுகிறார். போகும்போது அவரும் நாலு வார்த்தை திட்டியிருப்பார், அதனால் என்ன?

பாலாற்றில் இனி மணல்தான் என்று அடித்துப் பேசியவர்களே 2021 நவம்பரில் பாலத்தில் நின்று வெள்ளத்தை வேடிக்கை பார்த்தார்கள். அப்போதும் சிலர், ‘இதுதான் கடைசி, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள்.