பெக்கே யாக்கோ?

தான்சானியாவின் மேற்கு ஓரமாக பைக்கில் போய்வந்த படங்களைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "ஆப்பிரிக்காவுல தனியாவா? பயமா இல்லையா?" கூடவே கொஞ்சம் பாராட்டு. பாராட்டு கசக்குமா என்ன. ஆனால் அந்த 'தனியா' என்ற சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டி. நான் ஓட்டியது பஜாஜ் பாக்ஸர் 150. நம் ஊரில் கிட்டத்தட்ட மறந்துபோன பெயர், அங்கே திரும்பிய பக்கமெல்லாம் அதுதான். இல்லாவிட்டால் நம் ஓசூர் டிவிஎஸ்ஸின் எச்எல்எக்ஸ். வாடகைக்கு ஆள் ஏற்றும் பைக்குக்கு 'போடா போடா' என்று பெயர். யாரையும் விரட்டுவதல்ல, கென்யா - உகாண்டா எல்லையில் புசியா என்ற ஊரில் இந்தப் பக்கம் 'பார்டர்', அந்தப் பக்கம் 'பார்டர்' என்று சைக்கிளில் ஆள் ஏற்றியவர்கள் கூவியதிலிருந்து வந்தது என்பார்கள்.

கிளம்பும் முன் நண்பர்கள் சொன்னது, "பெரிய வண்டியா எடு, 1250 சிசி எடு." 250 கிலோ எடையுள்ள அந்த வண்டியில் போயிருந்தால்தான் நான் உண்மையிலேயே தனி ஆளாகியிருப்பேன். சென்சார் ஒன்று மக்கர் செய்தால் கம்ப்யூட்டரோடு ஆள் வரும்வரை மரத்தடியில் உட்கார வேண்டியதுதான். பாக்ஸருக்கு அந்தக் கவலை இல்லை. மூன்று குடிசைக்கு ஒரு 'ஃபுண்டி' இருப்பார். ஃபுண்டி என்றால் மெக்கானிக், தச்சர், கொத்தனார், கைத்தொழில் தெரிந்த யாரும்.

எம்பேயாவில் தொடங்கி சும்பவாங்கா, எம்பாண்டா, உவின்சா வழியாகக் கிகோமா. ஏறக்குறைய 900 கிலோமீட்டர். தார் வரும், போகும். செம்மண் சாலையில் மண் வரப்பு வரப்பாக எழும்பிக் கிடக்கும். மெதுவாகப் போனால் முதுகு போகும், வேகமாகப் போனால் பிடி போகும். உவின்சாவுக்கு முன்னால் அதில்தான் என் கிளட்ச் கேபிள் அறுந்தது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த ஊரில் ஃபுண்டிக்கு இருபது வயதுகூட இருக்காது. புது கேபிள் இல்லை. பழைய சைக்கிளிலிருந்து பிரேக் கம்பியை உருவினார். முனைக்கு ஒரு சின்ன நட்டைக் கோத்து, கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் நசுக்கினார். லீவரை நாலு முறை இழுத்துப் பார்த்தார், ஐந்தாவது முறை என்னை இழுக்கச் சொன்னார். கிகோமா வரை அந்தக் கம்பிதான் தாங்கியது.

அங்கேதான் அந்தக் கேள்வி முதலில் வந்தது. "பெக்கே யாக்கோ?" சுவாஹிலியில், தனியாகவா? அவர் முகத்தில் வியப்பு இல்லை, ஒரு பரிதாபம். ஐயோ, உனக்கு யாருமே இல்லையா என்பது போல.

சரி, பயம். சிங்கமா? கட்டாவி தேசியப் பூங்காவுக்குள் பொதுச்சாலை போகிறது, அதில்தான் வந்தேன். சிங்கத்தைப் பார்க்கவில்லை. கடித்தது செட்சி ஈ. ஓடும் வண்டியைத் துரத்தி வந்து துணிக்கு மேலேயே கடிக்கும். தூக்க நோயைப் பரப்புவது இதுதான். நீலமும் கறுப்பும் இதற்குப் பிடித்த நிறம். பிடிப்பதற்கென்று கட்டும் பொறித்துணியும் அதனால்தான் நீலம் கறுப்பு. நான் போட்டிருந்தது கருநீல ஜாக்கெட். பூங்காவைத் தாண்டி சிட்டாலிக்கேயில் தேநீர்க் கடை அம்மா ஜாக்கெட்டைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். அறிவுரை எனக்கு எப்போதும் ஓர் ஊர் தள்ளித்தான் வரும். கடைக்குப் பின்னால் ஆற்றில் நீர்யானைகள் சேற்று மூட்டைகள் போலக் கிடந்தன.

உண்மையான பயம் பஸ்களும் இருட்டும். பஸ் எதிரே வந்தால் சாலை அவர்களுடையது, நாம் புதருக்குள். லாரி பழுதாகி நின்றால் மரக்கிளையை ஒடித்துச் சாலையில் போட்டிருப்பார்கள், நம் ஊர் மாதிரியேதான். பகலில் அது எச்சரிக்கை. இருட்டினால் அந்தக் கிளையே ஆபத்து. ஐந்து மணிக்கு மேல் ஓட்டாதீர்கள். இதற்கு மேல் எனக்குத் தெரிந்த பாதுகாப்புக் குறிப்பு எதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படுபவர்கள் படட்டும். முட்டிக்கவசம், ஹெல்மெட் கேமரா எல்லாம் மாட்டிக்கொண்டு நாம் 'சாகசம்' என்று வீடியோ போடும் அதே சாலையில், அதே பாக்ஸரில், பின்னால் மூன்று கரி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒருவர் ரப்பர் செருப்போடு என்னைத் தாண்டிப் போனார். அவருக்கு அது வழக்கமான ஒரு செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான்.

எல்லாரும் போகும் வழியை ஒற்றை ஆளின் சாகசமாக்குவது புதுப் பழக்கமும் இல்லை. கிகோமாவுக்குப் பக்கத்தில் உஜிஜி. தகவலே இல்லாமல் போயிருந்த ஸ்காட்லாந்துப் பயணி லிவிங்ஸ்டனை, அவரைத் தேடிவந்த பத்திரிகையாளர் ஸ்டான்லி 1871இல் 'கண்டுபிடித்த' இடம். ஒற்றை ஆள் காட்டுக்குள் போன கதையாகத்தான் பள்ளியில் படித்தோம். ஸ்டான்லியோடு கடற்கரையிலிருந்து நடந்தவர்கள் நூற்றுக்கும் மேல், பெரும்பாலும் சுமைதூக்கிகள். 1873இல் இன்றைய சாம்பியாவில் லிவிங்ஸ்டன் இறந்தபோது, உடலைப் பதப்படுத்தி ஆயிரம் மைலுக்கு மேல் கடற்கரைவரை சுமந்து வந்தது சூமா, சூசி என்ற அவருடைய ஆப்பிரிக்க உதவியாளர்கள் இருவரும் அவர்களுடைய கூட்டாளிகளும். உஜிஜி அருங்காட்சியகத்தில் இரண்டே இரண்டு ஆளுயரச் சிலைகள். இரண்டு வெள்ளைக்காரர்கள், ஒருவரையொருவர் பார்த்தபடி. மற்றவர்கள் எங்கே என்று சுற்றிச் சுற்றித் தேடிப் பார்த்தேன்.

வெளியே வந்தால் மாமரத்தடியில் போடா போடா பையன்கள். என் நம்பர் பிளேட்டைப் படித்துவிட்டு எங்கிருந்து வருகிறேன் என்றார்கள். எம்பேயா என்றேன். "பெக்கே யாக்கோ?" பதில் சொல்லுமுன் ஒருவன் குனிந்து என் செயினை விரலால் தூக்கிப் பார்த்தான். ரொம்பத் தொங்குது என்று சைகை காட்டிவிட்டு, என்னை எதுவும் கேட்காமலே சீட்டுக்கடியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான்.