ராம் கூட்டினால் ஸ்கோர் வேகமாகுமா?

ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் இசையும் சேர்ந்திருக்கும் தாள்) சுருக்கும்போது, அதாவது பல வாத்தியங்களை ஒரே வரியில் சேர்க்கும்போது, இசை எழுதும் மென்பொருள் இழுத்தால் ராமை (கணினியின் நினைவகம்) கூட்டச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நான் 8 ஜிபியை 16 ஆக்கியும் பார்த்தேன். காசு போனதுதான் மிச்சம்.

கிளிநொச்சியில் ஒரு பாடசாலை பேண்டுக்கு இசை எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு ட்ரம்பெட், மூன்று கிளாரினெட் எல்லாவற்றையும் தனித்தனி வரியில் எழுதினால் ஸ்கோர் ஏ4 தாளில் எறும்பு ஊர்ந்த மாதிரி வரும். அதனால் சுருக்கல் வேண்டும்தான். ஆனால் அது சும்மா இரண்டு வரியை ஒட்டுகிற வேலை இல்லை. வாசிக்கும் இருவருக்கும் ஒரே சுரமா, தாளம் ஒன்றா, ஸ்லர் (சுரங்களை இணைக்கும் வளைகோடு) எங்கே முடிகிறது, ஒருவர் மட்டும் ஓய்விலா என்று துண்டு துண்டாக ஒப்பிட்டுத்தான் சுரக் குறிக்கு ஒரு தண்டா (அதில் நிற்கும் கோடு) இரு தண்டா என்று மென்பொருள் முடிவெடுக்கும். ஒரு சுரத்தை மாற்றினாலும் அந்தக் கணக்கு திரும்ப ஓடும். அங்கேதான் இழுவை.

நான் செய்வது இதுதான்: எழுதி முடியும்வரை சுருக்கலை நிறுத்திவிடுவேன். தனி வாசிப்புத் தாள்களுக்கு அது தேவையே இல்லை, பேண்டை நடத்துபவரின் ஸ்கோருக்கு மட்டும் கடைசியில் போடுவேன். நீண்ட படைப்பென்றால் பகுதி பகுதியாக வேறு கோப்பில். ஓய்வே இல்லாமல் நீளும் வரிகளில் துண்டு எங்கே வெட்டவேண்டும் என்று கையாலேயே குறித்துவிடுவேன், ஒப்பீடு சின்னதாகும், தாளும் துப்புரவாக வரும்.

கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது லப்டொப் இன்னும் மெதுவாகலாம். அதற்கு மென்பொருளைத் திட்டாதீர்கள், பவர் செட்டிங்கைப் பாருங்கள்.